கல்லங்குறிச்சியில் ஒரு வேதசாஸ்திர மாணவன்

சென்ற ஸ்ரீராமநவமித் திருவிழாவின்போது, எங்கள் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்ட ஜனங்களெல்லாம் அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் இடித்துக்கொண்டு நின்ற வேளையில், முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருந்த ஓர் இளைஞர், என் முகத்தை ஏறிட்டும் பாராமல், ஒரு துண்டுப் பிரசுரத்தை என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளை நோக்கிப் போய்விட்டார்.

எரிச்சல் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர் சுவிசேஷம் அறிவிக்க முற்பட்டதற்காக நான் முகம் சுளித்தேன் என்று எண்ணிவிடாதீர்கள், அன்பர்களே. நானே பரம்பரை லுத்தரன். பாட்டனார் காலத்தில் பொறையாற்றுப் பக்கமிருந்து பிழைப்பு நாடி மேற்கே வந்த குடும்பம். ஞானஸ்நானம், ஞானோபதேச வகுப்பு, திடப்படுத்தல் என்று ஒன்றும் குறையாமல் கிரமமாக வளர்க்கப்பட்டவன். மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, அதன் பொருள் விளங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கேள்வியும் பதிலுமாக ஒரே மூச்சில் ஒப்பித்து உபதேசியாரிடம் மிட்டாய் வாங்கித் தின்றவன். என்னைக் குத்தியது அந்தப் பிரசுரத்தின் தமிழ். எழுவாய் ஒரு திசையில் நிற்க, பயனிலை வேறொரு திசையில் அலைந்துகொண்டிருந்தது. நரகம் மட்டும் நான்கு இடங்களில் தடித்த எழுத்தில் பிழையின்றி அச்சாகியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் தமக்குக் கிடைத்த பிரதியில் சுண்டலை மடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார். (அந்தக் காகிதம் அன்று ஒருவருக்காவது உபயோகப்பட்டது.)

வீட்டுக்கு வந்தால், அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் என் அக்காள் மகன். சென்னையில் ஒரு வேதசாஸ்திரக் கல்லூரியில் குருத்துவத்துக்குப் படிக்கிறவன்; விடுமுறைக்கு வந்திருந்தான். விடியற்காலை மணி, சிற்றாலயத்தில் ஜெபம், அதன் பிறகு கிரேக்கம், எபிரெயம், சபைச் சரித்திரம், 1530-ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, மாலையில் பிரசங்கப் பயிற்சி (ஒருவன் பிரசங்கிக்க, மற்றவர்கள் குறிப்பெடுத்து அவனைத் தோலுரிப்பார்களாம்), ஞாயிறு வந்தால் ஏதாவதொரு சபைக்கு ஊழியப் பயிற்சி என்று அவன் சொல்லும் தினசரியைக் கேட்கிறபோது, இத்தனை சிரத்தையோடு ஒரு மனிதனைத் தயார் செய்யும் வேறு படிப்பு உண்டா என்று எனக்கு ஆச்சரியம் தோன்றுவதுண்டு. ஆனாலும் கிரேக்க வினைச்சொல்லின் அத்தனை வடிவங்களையும் மடமடவென்று அடுக்குகிற அந்தப் பிள்ளை, ஒரு கடிதம் எழுதினால் வாக்கியத்துக்கு ஒரு சந்திப்பிழை நிச்சயம். பிரசுரத்தை அவனிடம் நீட்டினேன்.

"உபதேசத்துல தப்பு ஒண்ணும் இல்லையே மாமா."

"உபதேசத்துல இல்லைடா. குடுத்தவரு வாங்குனவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

"திருவிழாக் கூட்டத்துல எப்படி மாமா ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாக்குறது?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு நான் முன்னூறு வருஷம் பின்னால் போகவேண்டியதாயிற்று; அவனும், விடுமுறையில் வந்தவனுக்கு வேறு வேலை இல்லாமையால், பொறுமையாகக் கேட்டான்.

1706-ஆம் வருஷம் ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியர். ஹாலே நகரத்துப் பக்திமார்க்கத்தாரின் உணர்ச்சியில் ஊறியவர். உடன் வந்தவர் ஹைன்ரிக் புளூட்சோ. தமிழில் ஓர் எழுத்தும் அறியாமல் வந்த சீகன்பால்கு, ஒரு கிழ உபாத்தியாயரைப் பள்ளிப் பிள்ளைகளோடு தம்மிடத்துக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களின் நடுவே தாமும் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் ஊருக்கு எழுதிய கடிதத்தில் தம்முடைய தினசரியை அவர் விவரித்திருக்கிறார்: காலையில் முதல் காரியம், முந்தின நாள் படித்த சொற்களையும் வாக்கியங்களையும் திரும்ப ஒப்பித்தல், அதன் பிறகு நடுப்பகல் வரை, ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் அருகிருக்க, தமிழ் நூல்களை வாசித்தல், புதுச் சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்ளுதல், பிற்பகலிலும் தமிழ், இரவில் விளக்கு வெளிச்சத்தில் கண் நோகும் என்பதால் வேறொருவர் வாசிக்கக் கேட்டல். இந்தியாவில் லுத்தரன் குருமாருக்கு ஏற்பட்ட முதல் பாடத்திட்டம் அதுவே என்பேன் நான். மாணாக்கர் ஒருவர், ஆசிரியர்களோ கிறிஸ்தவர்கள் அல்லர்.

(இங்கே என் அக்காள் மகன், "அவரு அப்ப படிச்சது கிரேக்கம் இல்ல, தமிழு, பரீட்சையும் கிடையாது" என்றான். பரீட்சை கிடையாதாம்! தெருவில் நின்று பேசினால் தெருவே பரீட்சை வைக்குமே.)

இந்த மனிதரைப் புண்ணிய புருஷராக மட்டும் வர்ணித்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. வந்த புதிதில் அவர் ஒரு கிராமத்து அம்மன் கோயிலுக்கு எதிரே நின்ற சுதைப் பதுமைகளைக் கண்டு, வைராக்கியம் மேலிட்டுச் சிலவற்றைத் தள்ளிவிட்டார், சிலவற்றின் தலைகளையும் உடைத்தார். ஊர்ச் சனங்கள் அவரை அடித்துப் போட்டிருந்தாலும் கேட்பாரில்லை. அங்கே வந்து வாதாடியவர் ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவலர்களே என்று அவர் விளக்கிச் சொன்னதையும், தாம் உடைத்தது இன்னதென்று அறியாமலே உடைத்தோம் என்பதையும், சீகன்பால்கு தம் எழுத்திலேயே பதிந்து வைத்துவிட்டார். அதன் பின்னர் அவர் கேட்கத் தொடங்கினார். கேட்ட அளவு கொஞ்சமன்று. 1708-க்குள் 119 தமிழ்ச் சுவடிகளைச் சேகரித்து அவற்றுக்கு விவர அட்டவணை எழுதினார். திருக்குறளும் தொல்காப்பியமும் சிவவாக்கியமும் அதில் உண்டு. அதே ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடி டேனியக் கோட்டைத் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி ஏறத்தாழ நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். 1712 முதல் அழகப்பன் முதலிய தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். 99 கடிதங்கள்.

அந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீங்கள் ஏன் எங்கள் மார்க்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு வந்த விடைகள்தாம். திரித்துவத்தைப் பற்றிய தர்க்கத்தை எதிர்பார்த்து எடுத்தால், மாட்டிறைச்சி, குடி, ஸ்நானம் செய்யாமை, கோயிலுக்குள் செருப்போடு நுழைதல், எச்சில் என்று ஐரோப்பியரின் நடத்தைகளே வரிசையாக வருகின்றன. போதகர்கள் தலையிலிருந்து பேச, கேட்பவர்கள் அவர்களின் காலையும் வாயையும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! இதைக் கோபித்துக்கொள்ளாமல் அப்படியே மொழிபெயர்த்து மேலதிகாரிகளுக்கு அனுப்பிய தைரியத்தை நான் மெச்சுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த விருத்தாந்தத்துக்கு வருகிறேன். 1713-ஆம் வருஷம். இங்கிலாந்திலிருந்து அதற்கு முந்தின ஆண்டு அச்சு இயந்திரமும், அதைத் தொடர்ந்து ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்துவிட்டன. அந்த அச்சகத்தில் ஆரம்பத்திலேயே அடிக்கப்பட்ட தமிழ்ப் பிரசுரங்களுள் ஒன்று, அக்கியானம், அதாவது அஞ்ஞானம், எத்தனை அருவருப்பானது என்று கண்டிக்கும் ஒரு சிறு நூல். அதே வருஷத்தில், அதே சீகன்பால்கு, தமிழர் தெய்வங்களின் வமிசாவளியைச் சிவன், விஷ்ணு முதல் ஊர்க் காவல் தெய்வங்கள், அம்மன்கள்வரை, யார் யார், எப்படி வழிபடுகிறார்கள், என்னென்ன விழாக்கள் என்று தமிழர்களிடமே கேட்டறிந்து, ஜெர்மனில் ஒரு பெரிய புத்தகமாக எழுதி முடித்தார். ஹாலேயில் அதிகாரத்தில் இருந்த பிராங்கே, அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆட்கள் அஞ்ஞானக் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்பக்கூடாது என்று அதை அச்சிட மறுத்துவிட்டார். 1867-இல்தான் வில்ஹெல்ம் கெர்மான் என்னும் லுத்தரன் மிஷனரி சென்னையில் அதனை அச்சேற்றினார். 154 வருஷம்! கண்டித்து எழுதிய சிறு பிரசுரம் எழுதிய மை உலர்வதற்குள் அச்சாயிற்று. கேட்டு எழுதிய பெரும் புத்தகம் நாலு தலைமுறை பரணில் கிடந்தது. அரியலூர்ப் பேருந்து நிலையத்து இளைஞரை நான் ஏன் தனியாகக் குறை சொல்லவேண்டும்? எங்கள் சபையின் அச்சகத்துக்கே அந்த வழக்கம் பால பருவத்தில் உண்டாகியிருக்கிறது.

தரங்கம்பாடி அச்சகம் அடித்த காகிதங்களின் வேகம் எங்கள் பக்கம்வரை வந்து மோதிய கதையை இங்கே சொல்லாமல் விட்டால், இந்த ஜில்லாக்காரன் என்ற பெயருக்கு நான் லாயக்கற்றவனாவேன். அரியலூரிலிருந்து தெற்கே, கொள்ளிடத்தை நோக்கிப் போனால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஊர் அது; அடைக்கல மாதா கோயில் இன்றும் ஜனத்திரளோடு விளங்குகிறது. கத்தோலிக்கச் சேசு சபைக் குருவான அவருக்குத் தரங்கம்பாடி லுத்தரன்மாரைக் கண்டால் ஆகாது. அவர்கள் திருச்சபைப் பேதகம் என்று அச்சிட்டு அனுப்ப, இவர் பேதகம் மறுத்தல் எழுதினார். வேத விளக்கம் எழுதினார். லுத்தேரினத்தியல்பு என்று ஒரு நூலும் எழுதினார். அவர்களிடம் அச்சு இருந்தது. இவரிடம் ஓலையும் எழுத்தாணியும், ஆட்களைக் கொண்டு படியெடுப்பதும்தான். ஆயினும் தமிழ் என்று வரும்போது, லுத்தரனாகிய நானே, எங்கள் பக்கத்துக்கு ஓட்டுப் போட மனம் துணிவதில்லை. எங்களவர்களின் வேத மொழிபெயர்ப்பை அவர் எள்ளி நகையாடியது உள்ளுக்குள் சுடுகிறதென்றாலும், அந்தக் காலத்துத் தரங்கம்பாடி உரைநடையை வாசித்துப் பார்த்தால் அவர் எரிச்சலின் காரணம் புரிந்துவிடுகிறது. பின்னால் பெப்ரீஷியுஸ் என்னும் லுத்தரன் மிஷனரி வந்து, வேதாகமத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி, ஜெர்மானியப் பாட்டுகளைத் தமிழாக்கி, அகராதியும் செய்து, 1791-இல் மறையும்வரை உழைத்து அந்தக் குறையைப் பெருமளவு துடைத்தார்; தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வந்தபோதோ, எங்கள் சபைக்கே ராகமும் தாளமும் வந்து சேர்ந்தன. (எங்கள் வீட்டில் ஞானப்பாட்டுக் கட்சி என்றும் கீர்த்தனைக் கட்சி என்றும் இரண்டு உண்டு. நான் கீர்த்தனை. என் மனைவி ஜெர்மானிய ராகம். சமாதானமாகத்தான் இருக்கிறோம்.)

வீரமாமுனிவர் தம் வேதியர்களுக்காக, அதாவது உபதேசியார்மாருக்காக, 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்று ஒரு நூல் எழுதினார். தரங்கம்பாடியார் அதற்கு முன்பே, 1716-இல், உபதேசியார்களைப் பழக்க ஒரு செமினரி தொடங்கிவிட்டார்கள். ஒருவரையொருவர் பதிதர் என்று ஏசிக்கொண்ட இரு கூட்டத்தாரும், வெள்ளைக்காரப் பாதிரியார் நூறு வருஷம் பேசினாலும் ஊருக்குள் நுழைந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற உள்ளூர் மனிதன் இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது என்பதில் மட்டும் ஒரே அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் சொல்லி முடித்து நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் கோயிலுக்குக் கொண்டுபோக டிராக்டரில் மக்காச்சோள மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு விக்கிரகம் கிடையாது. ஓங்கி நிற்கும் கற்கம்பம்தான் மூலவர், அதன் அடியில் ஆஞ்சநேயர். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் விளைந்ததில் ஒரு பங்கையும், கன்றுகளையும்கூட அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். (எங்கள் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயையும் சேவலையும் பீடத்தண்டை வைத்துவிட்டு, பிறகு ஏலம் விட்டுப் பத்து மடங்கு விலைக்கு எடுப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.) என் அக்காள் மகன் மூட்டையைத் தூக்கிவிடப் போனான். போனவன் அரை நாள் வரவில்லை.

பெரியவர் அவனுக்கு ஸ்தல புராணத்தை முழுதாகச் சொல்லியிருக்கிறார்: சினைப்பசு காணாமற்போனதும், தேடிப்போன இடத்தில் அது கம்பத்தின்மேல் பால் சொரிந்துகொண்டு நின்றதும், குடியானவன் கனவில் பெருமாள் வந்ததும். போகிற வழியில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஓரமாக வண்டியை நிறுத்தி, கல்லுக்குள் சிப்பி சிப்பியாகப் பதிந்து கிடப்பதையும் காட்டியிருக்கிறார். கடல் இங்கேயிருந்து போய் ஏறத்தாழ ஏழு கோடி வருஷமாகிறது. பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்தச் சுண்ணாம்புப் படிவத்துக்குக் கல்லங்குறிச்சிப் படிவம் என்றே எங்கள் ஊர்ப் பெயரை இட்டிருக்கிறார்கள். (சிமெண்டு லாரிகளின் புழுதியில் இருமிக்கொண்டே இந்தப் பெருமையை நாங்கள் அனுபவிக்கிறோம்.) ஆதியாகமத்து ஆறு நாட்களைப் பற்றி அவன் ஏதாவது தத்தளித்திருப்பானோ என்று கேட்டேன். அது பழைய ஏற்பாட்டு வகுப்பில் முதல் வருஷமே முடிந்துபோன விஷயமாம், அலட்சியமாகச் சொன்னான். அவனைத் தத்தளிக்க வைத்தது பெரியவரின் வேறொரு கேள்வி.

"தம்பி, உங்க கோயில்லயும் சாதிக்கு ஒரு பக்கமா உக்காருவாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு. நெசமா?"

"நீ என்னடா சொன்னே?" என்று கேட்டேன்.

"அப்ப அப்படித்தான் இருந்துச்சுன்னேன் மாமா. இப்பவும் எல்லாம் போயிடலன்னும் சொன்னேன்."

சரியாகச் சொன்னான். சீகன்பால்கு கட்டி 1718-இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே வேளாளரும் பறையரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733 டிசம்பர் 28-ந் தேதி தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியாவில் புராட்டஸ்டண்டு சபைகளின் முதல் சுதேசக் குரு. கடலூர்ப் பக்கத்துச் சைவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். அவரை நாங்கள் கொண்டாடுகிறோம், கொண்டாடவேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை மராட்டிய அரசரின் படையில் சேவித்தவர். கத்தோலிக்கப் பறையர் குடும்பத்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களை வாசித்தே மனம் மாறி லுத்தரன் சபைக்கு வந்தவர். சேவகத்தை விட்டுத் தஞ்சை நாட்டில் ஊர் ஊராக உபதேசியாராக உழைத்தவர். அவர் வாய்ச்சொல்லால் சபைக்கு வந்தவர்கள் அநேகர். குருப்பட்டம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். அச்சமாம்! கோட்டைச் சிறைக்கு அஞ்சாத மிஷனுக்கு இந்த இடத்தில் அச்சம். நூறு வருஷம் கழித்து, 1833-இல், ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிடவேண்டும் என்று உத்தரவிட்டபோது முரண்டிய வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர், பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனின் மெத்தனமான கொள்கையை நாடி வந்து சேர்ந்தார்கள். எங்கள் சபையின் ஜனத்தொகை பெருகிய கணக்கில் இதுவும் அடக்கம். 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஸ்தாபனமான கதையையும், 1956-இல் ராஜா மாணிக்கம் முதல் இந்திய அத்தியட்சரான கதையையும் திருச்சியில் எங்கள் சபைத் தலைமையகமான தரங்கைவாசத்தில் பண்டிகைக்குக் கூடும்போது பெருமையோடு பேசுகிற நாங்கள், இந்தக் கணக்கை மட்டும் மெல்ல மடித்து வைத்துவிடுகிறோம்.

பெரியவரின் கேள்வியை எந்தத் துண்டுப் பிரசுரமும் எதிர்பார்த்து அச்சடிக்கப்படுவதில்லை. அது எதிரே நிற்கிற மனிதனிடமிருந்துதான் வரும். வேதசாஸ்திரக் கல்விச்சாலைகளிலும் அந்தக் கேள்வி மெதுவாகத்தான் நுழைந்தது. 1927-இல் தரங்கம்பாடியில் தொடங்கி, பின் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்று, 1953-இல் அகில இந்திய லுத்தரன் திருச்சபைகளுக்குப் பொதுவான குருகுல் கல்லூரியில், 1980-களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கென்று ஒரு துறையையே நடத்தினார். அங்கே எழுதப்பட்டவற்றை வாசித்தால் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டாவதில்லை. சில கட்டுரைகள் ஆங்கிலத்திலேயே நினைத்து ஆங்கிலத்திலேயே சண்டையிடுகின்றன. ஆனால் ராஜநாயக்கன் போன்ற ஒருவரை நடுவில் உட்காரவைத்து, அவர் பார்வையில் வேதத்தை வாசித்தால் என்ன தெரியும் என்று கேட்பது, ஆரோன் காலத்திலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

அக்காள் மகன் விடுமுறை முடிந்து போகுமுன், தான் எழுதவேண்டிய ஆய்வுக்கட்டுரைக்கு ராஜநாயக்கனையே எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். நல்லது என்றேன். தமிழில் எழுது என்றும் சொன்னேன். வழிகாட்டுகிற பேராசிரியர் ஒப்பினால் பார்க்கலாம் என்று நழுவினான். சந்தியைத் திருத்திக்கொடுக்க நான் இருக்கிறேன் என்றேன், அதற்குப் பதில் வரவில்லை.

வாசிக்கிற உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த 99 கடிதங்களும் நமக்கு இன்று ஜெர்மன் பெயர்ப்பாகவே கிடைக்கின்றன. தமிழர்கள் தமிழில் எழுதியதை நாம் ஜெர்மன் வழியாகவும் ஆங்கிலம் வழியாகவும் வாசிக்க நேர்ந்திருக்கிறது. அவற்றைத் தமிழில் யாராவது முழுதாகக் கொண்டுவந்திருந்தால், எந்தப் பதிப்பகம், என்ன விலை என்று தெரிவியுங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று பையனுக்கு. இன்னொன்றை அடுத்த வீட்டுப் பெரியவர் கேட்டிருக்கிறார்; செருப்போடு கோயிலுக்குள் போவதைப் பற்றி எழுதியவன் யார் என்று அவருக்குத் தெரிந்தாகவேண்டுமாம்.